கிரான்பெர்ரிக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரக் குளிர்

2024 நவம்பர் 17, ஞாயிறு

காலை 6.40. வந்து சேர்ந்த கிரான்பெர்ரிச் செடிகள் பன்னிரண்டு. உயிரோடு இருப்பவை பதினொன்று.

கொடைக்கானலில் ஒருவர் தொட்டியில் வளர்க்கிறார். அவரிடமிருந்து கூரியரில் வரவழைத்தேன். பெட்டியைத் தலைகீழாகப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டிருந்தது. யார் பார்க்கிறார்கள்.

திட்டம் இதுதான். கிரான்பெர்ரி குளிர்நாட்டுக் கொடி. ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரத்து ஐந்நூறு மணி நேரமாவது உறங்கி எழுந்தால்தான் பூக்கும். பெருந்துறையில் ஏழு டிகிரி பிரிட்ஜுக்குள் மட்டும்தான் கிடைக்கும். எனவே ஆறு செடிகள் பிரிட்ஜுக்குள். மீதி ஐந்து, ஒப்பிட்டுப் பார்க்க, வாசல் குழாயை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பில். மண் நல்ல புளிப்பாக இருக்க வேண்டும், பி.எச். 4.5. எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். நம் போர் தண்ணீரின் பி.எச். 8.2. ஆகவே வடிகட்டிய தண்ணீரில் எலுமிச்சை உப்பு கலந்து ஊற்றுகிறேன். நான் வேலை பார்ப்பது பால் குளிரூட்டும் ஆலையில், கருவிகள் பிரிவில். அளவுகளுக்குப் பஞ்சமில்லை.

ஆயிரத்து ஐந்நூறு மணி என்பது அறுபத்திரண்டரை நாள். ஜனவரி 18 மாலை 6.40க்கு முடியும்.

மேகலா அவள் அப்பா வீட்டுக்குப் போய் இன்றோடு ஏழு நாள். பிரசவத் தேதி பிப்ரவரி 9. குழந்தை பிறந்த பிறகு சொல்லியனுப்புவதாகவும், அதுவரை நான் வர வேண்டியதில்லை என்றும் மாமனார் சொல்லியிருக்கிறார். இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 18

பிரிட்ஜ் கதவு திறந்தது பதினேழு முறை. அதில் நான் மூன்று.

நவம்பர் 22

அப்பாவோடு தகராறு. வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கம்பத்தில் நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குச் சொல்வது போல உரக்கச் சொல்வார்.

"ஏண்டா லோகு, மனுசன் தயிர எங்க வெக்கறது?"

"வெளிய வைங்கப்பா."

"வெளிய வெச்சா மத்தியானமே புளிக்குது."

"புளிச்சா குடுங்க, செடிக்கு ஊத்திப் பாக்கலாம்."

"வெளையாட்டாச் சொல்றயா, நெசமாச் சொல்றயா?"

"ரெண்டும்தான்."

"சம்பந்தி பாத்துப் பாத்து வாங்குன சீர் பிரிட்ஜுடா. அதுல பாத்தி கட்டறவன இப்பத்தான் பாக்கறேன்."

மாவுச் சட்டிக்கு மட்டும் மேல்தட்டில் இடம் விட்டேன். ஒரு நாளைக்கு இருமுறைதான் கதவைத் திறக்கலாம் என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். 

நவம்பர் 29

மேகலாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்குத் தண்ணி எத்தனை லிட்டர்?"

"குடிச்சனுங்க."

"எத்தனை லிட்டர்னு கேட்டேன்."

"சொம்புல குடிச்சேன். அளக்கலீங்க."

"சொம்பு எத்தனை மில்லி பிடிக்கும்?"

 "ஏனுங்க, நான் ஒண்ணும் பால் டேங்கர் இல்ல" என்றாள். வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் பத்து விநாடி.

கேள்வி நியாயமானது. அவளுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். போன தடவையும் அதுதான். டாக்டரிடம் கிரான்பெர்ரிச் சாறு பற்றிக் கேட்டபோது, "மருந்துன்னா மாத்திரைதான். சாறு குடிச்சா கெடுதல் இல்ல, அவ்வளவுதான்" என்றார். கடையில் பாட்டிலில் விற்பது சர்க்கரைப் பாகு. எனவே வளர்க்கிறேன்.

காய்க்க எத்தனை நாள் ஆகும் என்று அப்பா கேட்டார். மூன்றாவது வருடம் என்றேன். "அப்ப உம்புள்ள பள்ளிக்கூடம் போறப்ப மேகலாவுக்கு ஜூஸு" என்றார். இது வெறும் சோதனை, யாருக்காகவும் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பிரிட்ஜ் செடிகள் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கின்றன. உறக்கம் பிடித்துவிட்டது. வெளி டப்பில் பி.எச். 4.6.

இன்று விடுமுறை. செய்ய ஒன்றுமில்லை. வண்டியைக் கழுவினேன். காற்றாடியைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் வண்டியைக் கழுவினேன். நேற்று ஆலையில் ஒருவன், "சம்சாரத்த போய்ப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டதிலிருந்து இப்படித்தான்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நவம்பர் 10 கட்டுச்சோறு விருந்து. ஏழாம் மாதத்தில் பெண் வீட்டார் விதவிதமான சோறு கட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மேகலாவின் ஊர் கொடுமுடி தாண்டி. ஈரோட்டு மருத்துவமனைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், நடுவே ரயில்வே கேட் ஒன்று. நான் அதற்கு முந்தின ஞாயிறு அந்தக் கேட்டருகே ஆறு மணி நேரம் உட்கார்ந்து கணக்கெடுத்திருந்தேன். ஒன்பது முறை மூடினார்கள். அதிகபட்சம் பதினேழு நிமிடம். பந்தியில் வைத்து அதை மாமனாரிடம் சொன்னேன்.

"ஏனுங் மாப்ள, எங்கூர்ல புள்ளைகளே பொறக்கறதில்லீங்களா?" என்றார். பந்தியே சிரித்தது.

"போன தடவை மாதிரி ஆச்சுன்னா யாருங்க மாமா பதில் சொல்றது?" என்றேன்.

சிரிப்பு நின்றுபோனது. போன தடவை என்று ஒன்று இருந்ததே அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. போன வருடம் ஆகஸ்டில், ஐந்தாம் மாதத்தில், காய்ச்சல் வந்து கலைந்துவிட்டது.

மாமனார் சென்னியப்பன் குரலை உயர்த்தவில்லை. "போன தடவை காச்சல மறைச்சு வெச்சது எம்புள்ள தப்பு. அவளே எங்ககிட்ட ஒத்துக்கிட்டா. இந்தத் தடவை நாங்க பாத்துக்கறோம். கொழந்தை பொறந்ததும் சொல்லியனுப்பறோம், அப்ப வாங்க."

மேகலா என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு.

மாமனார் சொன்னதில் திருத்த வேண்டிய தகவல் ஒன்று இருக்கிறது. இன்று வேண்டாம்.

டிசம்பர் 16, மார்கழி 1

வெளி டப் பி.எச். 4.6.

டிசம்பர் 19

5.2. கருவியில் கோளாறாக இருக்கும்.

டிசம்பர் 20

ஆலையிலிருந்து வேறு கருவி கொண்டுவந்து பார்த்தேன். 5.4. கோளாறு கருவியில் இல்லை.

டிசம்பர் 26

6.3. இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மண்ணில் இரும்பு இருந்தும் எடுக்க முடியாமல் தவிக்கின்றன. தண்ணீரைச் சோதித்தேன், சரி. மணலைச் சோதித்தேன், சரி. கந்தகம் கூடுதலாகப் போட்டேன். அது மாதக்கணக்கில் வேலை செய்யும், எனக்கு இன்றைக்கே ஆக வேண்டும். பிரிட்ஜ் செடிகள் அதே மண், அதே தண்ணீர், 4.6லேயே இருக்கின்றன. அப்படியானால் வாசலில் யாரோ எதையோ ஊற்றுகிறார்கள்.

மேகலாவுக்கு இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. 'சாப்பிட்டாயா, காய்ச்சல் உண்டா, இல்லையா' என்று அனுப்பினேன். 'இல்லை' என்று பதில் வந்தது. எதற்கு இல்லை என்று தெரியவில்லை.

டிசம்பர் 28, சனி

கண்டுபிடித்தாயிற்று.

விடியற்காலை 5.50. பிரிட்ஜ் வெப்பநிலையைக் குறித்துவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். அப்பா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். எதிரில் கவிழ்த்த வாளி, அதன்மேல் சாய்த்து வைத்த போன். கையில் கோலமாவுக் கிண்ணம். போனுக்குள் மேகலா.

"மாமா, மூணாவது வரிசைல ஒரு புள்ளிய விட்டுட்டீங்க."

"எங்க கண்ணு?"

"இன்னும் கொஞ்சம் அக்கட்ட. ஆமா, அங்கதான்."

"இனிக் கம்பிய இந்தப் பக்கம் இழுக்கறதா, அந்தப் பக்கமா?"

"கம்பி இல்லீங் மாமா, கோடு! கோட்டுல கரண்டு வராது, பயப்படாம இழுங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டு எனக்கு ஏழு வாரம். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அவள் வைத்த பிறகு அப்பா கிண்ணத்தையும் கையையும் குழாயில் கழுவி, அந்தத் தண்ணீரை அப்படியே என் டப்பில் ஊற்றினார்.

"அப்பா!"

"ஏண்டா கத்தற? தண்ணி எதுக்கு வீணாப் போவோணும், செடிக்கு ஆவட்டும்னு ஊத்துனேன்."

கிண்ணத்தில் ஒட்டியிருந்த மாவில் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தது. சுண்ணாம்புக்கல் பொடி. புளிப்பு மண்ணுக்கு இதைவிட நல்ல விஷம் கிடையாது.

"எத்தனை நாளா இது?"

"மார்கழி ஒண்ணுல இருந்து. புள்ளத்தாச்சி வாழற வூட்டு வாசல் வெறிச்சுன்னு கெடக்கக் கூடாதுன்னு நான்தான் ஆரம்பிச்சேன். கோணக்கோணையா வந்துது. போட்டோ அனுப்புனேன். அம்மணி சிரிச்சுப்போட்டு, நான் சொல்லித் தர்றனுங் மாமான்னுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? தெனமும் கோலத்து மேல ஏத்தித்தான வண்டியெடுக்கற."

உண்மை. பன்னிரண்டு நாளாக ஏற்றியிருக்கிறேன். இருபத்தைந்து அடித் தூரத்தில் என் மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது நான் பிரிட்ஜுக்குள் தலையை விட்டு நான்கு டிகிரியா ஐந்து டிகிரியா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னயப் பத்திக் கேட்டாளா?"

அப்பா குல்லாயைக் கழற்றி உதறினார். "செடி எப்படி இருக்குதுன்னு கேட்டா."

2025 ஜனவரி 3

6.9. வெளியே மூன்று செத்தன. அப்பாவிடம் கிண்ணத்தை வேறெங்காவது கழுவச் சொல்லவில்லை. காரணம் பதிவுக்கு அவசியமில்லை.

தினமும் 5.50க்குக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இன்றைய கோலம் பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி எட்டு வரை. இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். என்னோடு சராசரி ஒன்றரை.

ஜனவரி 9

நேற்றுக் காலை மேகலா அப்பாவிடம் சொன்னாள்: "நிக்க முடியலீங் மாமா, இடுப்பு கடுக்குது. உக்காந்துட்டே சொல்றேன்."

ஒன்பதாம் மாதத்தில் எல்லோருக்கும் கடுக்கும். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சிறுநீரகத் தொற்றிலும் இடுப்பு கடுக்கும், அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் கடுக்கிறது, ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கதவுக்குப் பின்னால் நான் நிற்பது தெரிந்துவிடும்.

பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, மூடி உடைந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு. பிற்பகல் 3.10. மருத்துவமனை, ஈரோடு

காலை 5.50க்கு வாளி கவிழ்ந்திருந்தது, போன் சாய்ந்திருந்தது, மேகலா வரவில்லை. அப்பா மாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். நான் அங்கே நின்றதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"நேத்தும் வரல" என்றார். "அசந்து தூங்கியிருக்கும்னு நெனச்சேன்." நேற்று கதவுக்குப் பின்னால் நானும் அதையேதான் நினைத்தேன்.

அத்தைக்குப் போன் செய்தேன். மேகலாவின் அம்மா நிதானமானவர். "நேத்துப் பொழுதோட லேசாக் காச்சலுங் தம்பி. மாத்திர குடுத்தன். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, டாக்டரம்மா இருக்க மாட்டாங்க. நாளைக்கு வெடிஞ்சதும் போலாம்னு மாமா சொன்னாங்க."

நாளைக்குப் போகலாம். வாயைத் திறந்து திட்டத்தான் நினைத்தேன்.  ஆனால் தள்ளிப்போடும் அந்த வார்த்தை என்னுடையது.

அப்பாவின் நண்பர் காரை எடுத்துக்கொண்டு போனேன். மாமனார் வீட்டு முன்சுவருக்குப் பொங்கல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை சுண்ணாம்பு. என்னைப் பார்த்ததும் மட்டையைக் கீழே வைத்தார்.

"சொல்லியனுப்பறோம்னு சொன்னனுங்களே மாப்ள."

"அனுப்பலீங். நானே வந்துட்டேன். திட்டறதுன்னா வண்டியில உக்காந்து திட்டுங்க."

உள்ளே மேகலா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் வைத்தேன். 102.2. வலது விலாவுக்குக் கீழே கை வைத்ததும் துள்ளினாள். அந்த எண்ணை மாமனாரிடம் காட்டினேன். கையைக்கூடக் கழுவாமல் வந்து முன் இருக்கையில் ஏறினார்.

கேட் மூடியிருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். மாமனார் இறங்கிப்போய்க் கேட்மேனிடம் ஏதோ சொன்னார், அவர் கையை விரித்தார், இவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் எதையும் நினைவுபடுத்தவில்லை.

பின் இருக்கையில் அத்தையின் மடியில் படுத்தபடி மேகலா, "செடி எப்படி இருக்குது?" என்றாள்.

"வெளிய அஞ்சும் போச்சு. உள்ள ஆறு இருக்குது."

"எங்கப்பா வாங்கிக் குடுத்த பிரிட்ஜுல."

"ம்."

"அப்பா, உங்க மாப்ள பிரிட்ஜுல தோட்டம் போட்டிருக்காரு" என்றாள். பல் கிட்டித்துக்கொண்டே சிரித்தாள். மாமனார் திரும்பவில்லை. அவருடைய தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. ரயில் வந்தது. மொத்தம் பதினொரு நிமிடம்.

மருத்துவமனையில் உடனே எடுத்துக்கொண்டார்கள். சலைன், ஊசி, ரத்தம், சிறுநீர். முப்பத்தாறு வாரம். குழந்தையின் இதயத்துடிப்பு 172. காய்ச்சலால் வேகம் என்றார் பணியிலிருந்த டாக்டர். என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே அவசரக்காரர். தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முந்தி ஒண்ணு கலைஞ்சிருக்கா? காய்ச்சல் வந்து எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீங்க?"

மாமனார் முந்திக்கொண்டார். "அப்ப எம்பொண்ணு சொல்லாம மறைச்சுட்டாளுங் மேடம். அவளுக்கு எப்பவுமே அப்படித்தான், யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு..."

டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"அது தப்புங்க" என்றேன். "எழுதாதீங்க."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"மறைக்கல. காலைல பதினொரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினா. நூத்தி ஒண்ணு, குளிருதுன்னு சொன்னா. நான்தான் ஷிப்ட் முடியட்டும்னேன். ரெண்டு மணிக்கு மறுபடியும் பண்ணினா. நான் எடுக்கல, டேங்கர் நின்னுது. வீட்டுக்குப் போனப்ப மணி அஞ்சே கால். ஆறேகால் மணி நேரம். அப்படி எழுதிக்குங்க."

டாக்டர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அவருக்கு அது வெறும் எண்.

மாமனாரிடம் திரும்பினேன். "அவ உங்ககிட்ட ஏன் மாத்திச் சொன்னான்னு எனக்குத் தெரியும் மாமா. நான் இருக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்குப் பந்தியிலயும் விட்டுட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. "பதினேழு மாசமா" என்றார், "எம்புள்ளயத்தான நான் திட்டி வஞ்சுட்டு இருந்தேன்." அவ்வளவுதான். நடைக்கோடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முழங்கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

மதியம் 1.30: காய்ச்சல் 100.8. குழந்தையின் துடிப்பு 156.
2.45: 99.6. துடிப்பு 144. வலி தொடங்கவில்லை. இந்த ஊசி ஏற்கிறது, குழந்தை இன்னும் உள்ளேயே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மேகலா தூங்குகிறாள்.

அப்பா போன் செய்து, பிரிட்ஜில் இன்று எத்தனை டிகிரி எழுதட்டும் என்று கேட்டார். எழுத வேண்டாம் என்றேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஆலைக்குப் போன் செய்து பிப்ரவரி முடியும் வரை விடுப்பு சொல்வது. கேட்பது அல்ல, சொல்வது.

2. அத்தைக்கு இட்லி. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, கேட்டால் சாப்பிட்டேன் என்கிறார்.

3. ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அடுத்தது மாலை 5.30. நர்சிடம் ஒருமுறை மட்டும் நினைவுபடுத்துவது.

4. மாமனார் இருக்கும் பெஞ்சில் போய் உட்காருவது. அவர் எழுந்து போனால் போகட்டும். நான் எழுந்திருக்கக் கூடாது.

5. மேகலா விழித்ததும், அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்வது. மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகு. அவள் திட்டினால் நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது.

6. திட்டாமல் பேசாமலே இருந்தாலும் அங்கேயே இருப்பது. எத்தனை நேரம் என்று குறிக்கக் கூடாது.